பாப்பரசர்களை விசாரித்த குளிர்காலம்

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டில் சம்பந்தம் செய்வதற்கு முன்னால் விசாரிப்பார்கள். ஊரை விட்டு வந்தோம், வீட்டை விட்டு வந்தோம், அந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் என் கலியாணப் பேச்சு எழுந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் லண்டனுக்கும் பாரிசுக்கும் கொழும்புக்கும் ரெலிபோன் எடுத்து என் குடும்பத்தைப் பற்றித் துருவினார். அப்பா எதனால் செத்தார், குடித்தாரா, அம்மாவின் சகோதரிகளில் யாராவது புருஷனை விட்டு வந்தவர்களா, எங்கள் கிணற்றில் யார் யார் தண்ணீர் அள்ளினார்கள். நான் வேலைத்தலத்தில் எப்படிச் சிரிக்கிறேன் என்பதைக்கூட யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். அவர்கள் என்னை விசாரிக்கலாம் என்றால் நானும் விசாரிக்கலாம்தானே என்று மனம் துள்ளிக்கொண்டு நின்றது. யாரை விசாரிப்பது என்பதுதான் அப்போது தெரியவில்லை.

மாப்பிள்ளை என்று சொன்னாலும் அவர் தரகர் கொண்டுவந்தவர் இல்லை. மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்குள் போகும் பச்சைத் தகடுகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துவது என் வேலை. நானும் அம்மாவும் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருந்தோம். அங்கிருந்து மார்க்கத்துக்குப் பஸ் பிடித்துப் போவதென்றால் பாதி நாள் போய்விடும். அதே இடத்தில் வேலை செய்த அவர், மோர்னிங்சைட்டிலிருந்து காரில் வருகிற வழியில் எங்களில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவார். மற்ற இரண்டு பேரும் பின்சீட்டில் ஏறியவுடன் நித்திரையாகிவிடுவார்கள். முன்சீட்டில் இருந்த எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. இரண்டு குளிர்காலம் கதைத்துக் கதைத்துத்தான் அது கலியாணத்தில் வந்து நின்றது.

அவர் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர். நாங்கள் சைவம். ஊரில் இப்படி ஒரு சோடி சேர்ந்தால், வேதக்கோயிலில் தாலி கட்டுவதற்கு முன்னால் சைவப் பெண் ஞானஸ்நானம் பெறவேண்டும், ஒரு புனிதரின் பெயரைத் தன் பெயராக வைக்கவேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவருடைய தாயாரை நான் அப்போதே மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். மாமி இதை ஒரு நிபந்தனையாகச் சொல்லவே இல்லை. வெளியில் குளிர், கோட்டைப் போடு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"செப்டெம்பரிலை கோயில்லை வகுப்புத் தொடங்குது பிள்ளை. ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். யூனிலை கலியாணம்."

அம்மா, "உன்ரை விருப்பம்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் இல்லை. அந்த மௌனம் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

வகுப்புச் செவ்வாய்க்கிழமைகளில், கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் நடந்தது. ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்தோம். நடத்தியவர் பங்குச் சுவாமியார், வெள்ளைக்காரர், எழுபதைத் தாண்டியவர். எல்லாரும் அவரைப் பாதர் என்று கூப்பிட்டார்கள். முதல் நாளே என் கண் அவருக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. முதலாவது பாப்பரசரிலிருந்து அப்போது இருந்தவர் வரைக்கும் இருநூற்று அறுபத்துச் சொச்சம் பேர், ஆளுக்கொரு சின்ன வட்டத்துக்குள், வரிசை வரிசையாக இருந்தார்கள். பரம்பரைப் படம் மாதிரியே இருந்தது. அதைப் பார்த்ததும் நான் யாரை விசாரிக்கவேண்டும் என்று விளங்கிவிட்டது. நான் போகப்போகிற வீட்டின் மூத்த ஆம்பிளைகள் இவர்கள்தான்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போய்ப் பாப்பரசர்களின் வரலாறு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். தலையணைக் கனம். கூடவே ஓர் அகராதி. வேலையில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். காரில் வாசித்தேன். சிவப்பு விளக்குகளில் கார் நிற்கும்போது அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். புதினமான புத்தகம். சங்கிலித் தொடராக ஒருவருக்குப் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள்.

தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் முன்னாள் அடிமை. சுரங்கத்தில் கல் உடைக்க அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பி வந்து பாப்பரசரானவர். இன்னொருவர் நாட்டுப்புறத்து மனிதர். புதுப் பாப்பரசராக யார் வரப்போகிறார் என்று வேடிக்கை பார்க்க நகரத்துக்கு வந்தாராம். கூட்டத்துக்குள் நின்றவரின் தலையில் ஒரு புறா வந்து இருந்தது. அவரையே தூக்கி ஆசனத்தில் வைத்துவிட்டார்கள். அந்த மனிதருக்காக நான் உண்மையிலேயே பதறினேன். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் தலையில் கட்டிவிட்டார்களே, வீட்டில் மாடு கன்று என்ன ஆனது என்று ஒருவரும் எழுதவில்லையே என்றிருந்தது.

நடுக்காலத்துக்கு வந்தபோது கதை நாறத் தொடங்கியது. ஒரு பாப்பரசர் தனக்கு முன்னால் இருந்தவரின் பிணத்தைத் தோண்டி எடுத்தார். செத்து எத்தனையோ மாதமான உடம்புக்குத் திருவுடை போட்டு, கதிரையில் இருத்தி, குற்றம் சாட்டி விசாரித்தார். பிணத்துக்காகப் பதில் சொல்ல ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிணம் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆசீர்வாதம் கொடுத்த மூன்று விரல்களையும் வெட்டி, உடலை ஆற்றில் எறிந்தார்கள். ஒருவர் பதவியைத் தன் ஞானத்தகப்பனுக்கே விற்றுவிட்டுப் போனார். ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் மூன்று பாப்பரசர்கள், ஆளுக்காள் சாபம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். இன்னொரு தடவை கர்தினால்மார் இரண்டரை வருஷத்துக்கு மேலாக ஒருவரைத் தெரிவுசெய்ய முடியாமல் இழுபட, பொறுமை போன ஊர்ச்சனம் அவர்கள் இருந்த மண்டபத்தின் கூரையைப் பிரித்துப்போட்டு, பாணும் தண்ணீரும் மட்டும் உள்ளே அனுப்பியது.

"நீர் ஏன் உந்த அழுகல் கதையெல்லாம் வாசிக்கிறீர்?" என்று அவர் கேட்டார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்கடை அம்மா எங்கடை கிணத்தடி மட்டும் போய் விசாரிச்சவா. நான் உரோமாபுரி மட்டும் போறன்."

"அம்மாவுக்கு உதைச் சொல்லிப்போடாதையும்."

சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் பாதரிடம் கேட்டேன். அந்தப் பிணம் என்ன குற்றம் செய்தது என்று கேட்டேன். பாதர் மழுப்பவில்லை. அது வெட்கக்கேடான காலம் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு அந்தப் பழங்கதைகளில் ஒரு கள்ள விருப்பம் இருந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கோப்பிக்கு எழும்பிய பிறகும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நின்றோம்.

இதற்கிடையில் மாமி எனக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். கன்னியாகவே மரித்த ஒரு புனிதையின் பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, என் பெயரையும் எழுதப்போவதில்லை. என் பெயர் எங்கள் ஊர் முருகன் கோயிலில் நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைக்கு அம்மா வைத்த பெயர், அவ்வளவு போதும். மாமி புதுப் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிடத் தொடங்கினார். "இப்ப இருந்தே பழகோணும்" என்றார். ரெலிபோனில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் வேறு யாருக்கோ வந்த அழைப்பை நான் எடுத்துவிட்டதுபோல இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் பாகங்களை மாற்றிப் பொருத்தி மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினேன். வீட்டில் யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன்.

அம்மாவோ, முன்னர் எப்போதும் இல்லாதவாறு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். குசினியிலிருந்து கூப்பிடுவார். ஓடிப்போய் என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்லை, சும்மா" என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும். "சும்மா கூப்பிடாதேங்கோ அம்மா" என்று ஒருநாள் கத்தியும் விட்டேன்.

அந்த நேரத்தில்தான் புத்தகத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஆறாம் நூற்றாண்டுக்காரர். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் உரோமரின் பழைய தெய்வம் ஒன்றின் பெயர். புறமதத்துத் தெய்வத்தின் பெயரோடு பாப்பரசராக இருப்பது சரியில்லை என்று நினைத்து, முன்னால் இருந்த ஒரு பாப்பரசரின் பெயரை எடுத்துக்கொண்டார். பெயரை மாற்றிக்கொண்ட முதலாவது பாப்பரசர் அவர்தானாம். அதைக் கண்டதும் நான் பின்னால் புரட்டினேன். ஒருவர் விடாமல் பார்த்தேன். ஆண்டவரே பெயர் வைத்த முதலாமவரைத் தவிர, அவருக்கு முன்னால் ஏறக்குறைய ஐந்நூறு வருஷமாக வந்த எல்லாரும் பெற்றோர் வைத்த பெயரோடேயே இருந்திருக்கிறார்கள். கிரேக்கரின் மதுத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த பெயரோடு ஒருவர் ஆசனத்தில் இருந்திருக்கிறார், அவரைப் புனிதர் என்றும் வைத்திருக்கிறார்கள்! சாப்பாட்டு அறையில் இருந்து நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

"கள்ளுத் தெய்வத்தின்ரை பேரோடை பாப்பரசர் இருக்கலாம், முருகன்ரை கோயில்லை வைச்ச பேரோடை நான் கலியாணம் கட்டேலாதோ?" என்று காரில் கேட்டேன். அவர் கார் ஓடும் ஒழுங்கையை மாற்றுவதற்குக் கண்ணாடியைப் பார்த்தார், மாற்றவில்லை.

தவக்காலம் தொடங்கப்போகும் கிழமையில் பாதர் எங்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஞானஸ்நானத்துக்கு முன்னால் தனியாகக் கதைப்பது அங்கே வழக்கம். ஏன் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டு, கலியாணம் கட்டத்தான் என்றேன்.

பாதர் பேனையைக் கீழே வைத்தார். கலியாணத்துக்கு இது தேவையில்லையே என்றார். ஆயரிடம் விசேஷ அனுமதி வாங்கினால், நான் சைவமாகவே இருந்துகொண்டு அதே கோயிலில், அதே பீடத்துக்கு முன்னால் கட்டலாம். அனுமதி எழுதி எடுப்பது தன் வேலை. அது அவருக்குச் சாதாரண விஷயம், வருஷத்துக்கு இரண்டு மூன்று செய்கிறவர். கலியாணத்துக்காக மட்டும் என்றால் தன்னால் ஞானஸ்நானம் தரமுடியாது என்றும் சொன்னார். விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் பாப்பரசர்களில் சிலரைப் பிடிக்கும் என்றேன். மலையில் தனியாக இருந்த ஒரு துறவியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பாப்பரசராக்கினார்கள், அவர் மாளிகைக்குள் பலகையால் ஒரு சின்ன அறை அடித்து அதற்குள் ஒளிந்திருந்துவிட்டு, ஐந்து மாதத்தில் பதவியே வேண்டாம் என்று இறங்கிவிட்டார், அவரை மிகவும் பிடிக்கும் என்றேன். பாதர் சிரித்தார். பிறகு, அது போதாது என்றார்.

மாறித்தான் ஆகவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் எட்டு மாதமாக ஒருவரும் கேட்கவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக விசாரிக்கிற சனம், விசாரிக்கவேண்டிய ஒரேயொரு ஆளிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறோம்.

வெளியில் ஓடி வந்தேன். காருக்குள் காத்திருந்தவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"அம்மாவுக்கு இப்ப சொல்லவேண்டாம். நான் பாத்துச் சொல்லுறன்."

"எப்ப?"

"பாத்து."

அவருடைய அந்தப் 'பாத்து' எனக்குத் தெரியும். பல்லுக் கொதிக்கு டாக்குத்தரிடம் போவதையே ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் கிழமை முழுக்க நான் கொதித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மாமியின் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். மாமி குசினி மேசையில் கட்லட்டுக்கு மீனை உதிர்த்துக்கொண்டிருந்தார். மகன் கீழே காரை வேறு இடத்தில் நிறுத்தப் போனார். நான் மாமிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"மாமி, நான் வேதத்துக்கு மாறத் தேவையில்லையாம். பாதர் சொன்னவர்."

"ஆர் சொன்னது?" மாமி தலையை நிமிர்த்தவில்லை. "அந்த மனிசனுக்கு வயசு போட்டுது. கோயில்லை கட்டிறதெண்டால் மாறத்தான் வேணும்."

"இல்லை மாமி. ஆயரிட்டை அனுமதி எடுத்தால் சரியாம்."

"உது இந்த நாட்டுச் சட்டமாயிருக்கும்."

"உலகம் முழுக்க ஒரே சட்டம்தானாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது. நீதிமன்றத்தில் நிற்பவள்போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஐந்நூறு வருஷமாகப் பாப்பரசர்களே பெயரை மாற்றவில்லை என்றேன். கள்ளுத் தெய்வத்தின் பெயரோடு இருந்தவரைச் சொன்னேன். பெயரை மாற்றியவர்கூடத் தன் விருப்பத்துக்கு மாற்றினாரே தவிர ஒரு மாமியார் சொல்லி மாற்றவில்லை என்றேன். வென்றுவிட்டேன் என்ற சந்தோஷப் புளுகம் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. "ஒருத்தரும் மாறத் தேவையில்லை மாமி. சும்மா எல்லாரும் மாறி மாறி வந்திருக்கினம்" என்று முடித்தேன்.

மாமியின் விரல்கள் மீனுக்குள் அப்படியே நின்றன. எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு முதுகைக் காட்டியபடி கேட்டார்.

"அந்த அனுமதி எப்ப தொடக்கம் பிள்ளை?"

"தெரியேல்லை. ஏன் மாமி?"

"நானும் சைவம்தான்."

பத்துப் பேரைக் கூட்டிவைத்துச் செபமாலை சொல்கிற மாமி. மாதா படத்துக்கு முன்னால் விளக்கு அணையவிடாத மாமி. அவர் பக்கத்துச் சொந்தம் என்று ஒருவரையும் நான் கண்டதில்லைத்தான். சண்டையில் செத்துப்போயிருப்பார்கள், சிதறிப்போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் சனத்தில் அப்படி நினைப்பது சுலபம்.

"இருவது வயசிலை மாறினனான். முப்பத்தொரு வருஷம். வீட்டிலை எல்லாரும் எனக்குத் தலை முழுகிவிட்டினம். அம்மா செத்ததுக்கு இவனைக் கையிலை தூக்கிக்கொண்டு போனனான். படலை திறக்கேல்லை. பிரேதம் போகேக்கை றோட்டிலை நிண்டு பாத்தனான்." தண்ணீரை நிறுத்தினார். "மாறினது கூட இல்லை, பேரை மாத்தினதைத்தான் அம்மாவாலை தாங்கேலாமல் போனது எண்டு பிறகு ஒராள் சொன்னது."

பிணத்தைத் தோண்டி எடுத்துக் கதிரையில் இருத்திய பாப்பரசரைப் பற்றி வாசித்து நான் சிரித்திருந்தேன். அன்றைக்கு மாமியின் குசினியில் நான் செய்ததும் அதுதான். நன்றாகப் புதைத்து வைத்திருந்த ஒன்றைத் தோண்டி எடுத்து, மேசையில் போட்டு, குற்றம் சாட்டியிருந்தேன். எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது.

"கேட்டுச் சொல்லும்" என்றார் மாமி. "நான் மாறின நேரமும் அந்த அனுமதி இருந்ததோ எண்டு."

செவ்வாய்க்கிழமை பாதரிடம் கேட்டேன். உன் மாமி பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னரே இருந்தது என்றார். பாப்பரசர்களே கொடுத்திருக்கிறார்கள், தூர தேசத்து ஆயர்களுக்கும் அந்த அதிகாரம் இருந்தது. உங்கள் நாட்டில் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கலாம், அந்தக் காலத்தில் இலேசில் கொடுக்கமாட்டார்கள், ஆனால் கேட்டிருக்கலாம் என்றார்.

"இல்லையெண்டு சொல்லிவிடும்" என்று காரை ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார். பின்சீட்டில் நித்திரை கொண்டவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "அந்த நேரம் இருக்கேல்லை எண்டு சொன்னால் அம்மா ஆறிடுவா."

அது சுலபமான வழி. எனக்கும் ஆசைதான். பொய்யைச் சொல்லிவிட்டு, பாதரிடம் போய் விசுவாசம் வந்துவிட்டது என்று இன்னொரு பொய்யையும் சொல்லிவிட்டு, மாமி தேர்ந்தெடுத்த பெயரோடு தலையைக் குனிந்து நின்றிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு நாள் அப்படியே செய்துவிடுவது என்று இருந்தேன். ஆனால் மாமி கேட்ட அந்தக் கேள்வியை முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. முதன்முதலாகக் கேட்டது என்னிடம். அதற்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியாழக்கிழமை வேலையிடத்து ரெலிபோனில் இருந்து எடுத்தேன்.

"இருந்ததாம் மாமி."

"அப்ப நான் கேட்டிருந்தால்?"

"கிடைச்சிருக்கலாமாம்."

"சரி பிள்ளை" என்றார், ரெலிபோனை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி பூசைக்குப் போகவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் போனவர். செபமாலைக்கு வந்தவர்களைக் கதவிலேயே அனுப்பிவிட்டார். சமைத்தார், மகனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தார், கதைக்கவில்லை. மகன் வழக்கம்போல என்னை ஏற்ற வந்தார், ஆனால் காரில் றேடியோவைப் போட்டுவிட்டார். இரண்டு வருஷத்தில் அந்தக் கார் றேடியோவில் பாட்டுக் கேட்டது அதுதான் முதல்தடவை.

மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். "உமக்கு உம்மடை பேர்தான் முக்கியம். எங்கடை அம்மாவின்ரை முப்பது வருஷத்தை உடைச்சுப்போட்டீர்."

"நான் உடைக்கேல்லை."

"பின்னை ஆர்?"

யூனில் கலியாணம் நடக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், தவணை முடிந்திருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நூலகத்தின் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் கண்ணீர் வந்தது, குளிருக்கு அது கன்னத்தில் எரிந்தது. அவரை இழந்துவிட்டேன் என்று அழுதேன். அதோடு, எவ்வளவு அழுதாலும் அந்தப் புதுப் பெயருக்கு ஓம் சொல்ல என்னால் முடியாது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் கதவு தட்டுப்பட்டது. அம்மா திறந்தார். மாமி நின்றார். மோர்னிங்சைட்டிலிருந்து மகனுக்குச் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சப்பாத்தில் உருகின பனியும் உப்புச் சேறும். எங்கள் வீட்டுக்கு அவர் அதுவரைக்கும் வந்ததில்லை. கொழும்பு வரைக்கும் விசாரித்தவருக்கு எங்கள் கதவு எந்த மாடி என்று கீழே யாரையோ கேட்கவேண்டியிருந்திருக்கிறது.

"உள்ளுக்கு வாங்கோ" என்றார் அம்மா. மாமி கோட்டைக் கழற்றவில்லை. கதவுக்கு உள்பக்கத்தில், கால்மிதியிலேயே நின்றார். என்னைப் பார்க்கவும் இல்லை. அம்மாவிடம்தான் கதைத்தார். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருப்பார்போல, ஒரு தடக்கும் இல்லாமல் வந்தது.

"உங்கடை பிள்ளையை நீங்கள் வைச்ச பேரோடையே எனக்குத் தாங்கோ."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பாதரோடு கதைத்ததோ, மாமியின் கதையோ அம்மாவுக்குத் தெரியாது. நான் அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்க, மாமி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தானே சொன்னார். இருபது வயது, படலை, றோட்டில் நின்றது எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே சொன்னார். "நான் என்ரை மாதாவை விடப்போறதில்லை" என்றும் சொன்னார். "மாதா எனக்கு விருப்பத்தோடை வந்தவ. பேர்தான் விருப்பமில்லாமல் போனது."

அம்மா அவருடைய கோட்டைப் பின்னால் நின்று கழற்றினார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். மாமி இருந்தார். அம்மா அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து, சின்னப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்கடை வீட்டிலை உங்களை என்னெண்டு கூப்பிட்டவை?"

மாமி தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. அம்மா எழும்பவில்லை, காத்திருந்தார். கடைசியில் மாமி அதைச் சொன்னார். எங்கள் ஊர்களில் அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கு வைக்கிற ஒரு பெயர். சொல்லிவிட்டு, பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அம்மா குசினிக்குப் போனார். சனிக்கிழமை, சோறும் பருப்பும் முருங்கைக்காய்க் கறியும் இருந்தன. தட்டைக் கழுவிப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தபடியே, அந்தப் பெயரைச் சொல்லி, "வாங்கோ, சாப்பிடுவம்" என்று கூப்பிட்டார்.

மாமி எழும்பவில்லை. இரண்டு கையாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"இன்னொருக்கால் கூப்பிடுங்கோ" என்றார்.

அம்மா கூப்பிட்டார்.